ஊர் கூடினால் அடுப்பும் எரியும், விளக்கும் எரியும்



வழக்கமாக இந்த நேரத்தில் நெல்லுக்கு மேலுரம் எப்போது போடுவது, நிலக்கடலையில் சுருள்பூச்சியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று பேசிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு வயலைக் கொஞ்சம் விட்டுவிட்டு உங்கள் வீட்டு அடுப்படிக்கு வருகிறேன். அடுப்படியில் தொடங்கி, தொழுவம் வழியாகப் போய், கிராம சபையில் முடிக்கலாம் என்று எண்ணம்.

சொந்தக் கதை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மாவுக்கு ராத்திரியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், "ஏம்மா, உங்களுக்குச் சுருட்டு பிடிக்கிற பழக்கம் இருந்ததா?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எங்கே தம்பி பிடிச்சேன்? அடுப்புதான் பிடிச்சுது. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் விஞ்ஞானம் படித்தவன். எரிதல் என்றால் என்ன, புகை என்றால் என்ன என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன். முப்பது வருஷமாக என் வீட்டுக்குள்ளேயே ஊதாங்குழலோடு உட்கார்ந்திருந்த ஒருவரின் நெஞ்சை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் குறையோடுதான் இன்றைக்கு உங்களிடம் பேசுகிறேன்.

புகையில் என்ன இருக்கிறது?

காய்ந்த விறகு, தாராளமான காற்று, நல்ல சூடு, இந்த மூன்றும் சேர்ந்தால் விறகு முழுசாக எரியும். அப்போது கரியமில வாயுவும் நீராவியும்தான் அதிகம் வெளிவரும். ஆனால் நம் வீட்டு அடுப்பில் அப்படியா நடக்கிறது? மழைக்காலத்தில் ஈர விறகு. காற்றுப் போக வழியில்லாத அடுப்பு வாய். அதில் வறட்டியும் முள்ளும் சோளத்தட்டையும் சேர்த்துத் திணிக்கிறோம். பாதி எரிந்தும் பாதி எரியாமலும் போகிறது. அந்த எரியாத பாதிதான் புகை.

அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதோடு கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசு இருக்கிறது. நம் தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குதான் அந்தத் தூசியின் அளவு. பெரிய தூசு என்றால் மூக்கிலேயே தங்கிவிடும், தும்மினால் போய்விடும். இது அப்படிப் போகாது. நுரையீரலின் கடைசிக் கிளை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். இருமல், இளைப்பு, குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் என்று இதனால் வரும் கேடுகள் பல.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு அளவு சொன்னது. ஒரு நாள் முழுதும் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் இந்த நுண்தூசு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அது. விறகும் வறட்டியும் எரியும் அடுப்படிகளில் சமைக்கும் நேரத்தில் இது பல நூறு மைக்ரோகிராமுக்குப் போகிறது. உலகம் முழுவதிலும் வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு" என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. 1981-லேயே குஜராத்தில் நான்கு கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே சிறு கருவியை மாட்டி அளந்து பார்த்தார்கள். பின்னால் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், நம் தமிழ்நாட்டுக் கிராமத்து அடுப்படிகளிலேயே கருவி வைத்து அளந்தார்கள். சமைக்கிறவர் மட்டும் அல்ல, அதே கூரையின் கீழ் படுத்திருக்கிற தாத்தாவும் தொட்டில் குழந்தையும் அந்தப் புகையைத்தான் குடிக்கிறார்கள் என்று தெரிந்தது. காஸ் அடுப்பு வைத்த வீடுகளில் இது வெகுவாகக் குறைந்திருந்தது.

2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் நாடெங்கும் பல கோடி வீடுகளுக்கு காஸ் இணைப்பு வந்தது. நல்ல காரியம்தான். ஆனாலும் உங்கள் வீட்டையே பாருங்கள். காஸ் அடுப்பு திண்டின் மேல் இருக்கிறது. விறகடுப்பு கொல்லையில் எரிகிறது. வெந்நீருக்கு விறகு, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச விறகு, சிலிண்டர் வாங்கக் காசில்லாத மாசக் கடைசியில் எல்லாவற்றுக்கும் விறகு. ஆகவே பிரச்சினை இன்னும் தீரவில்லை.

தொழுவத்தில் இருக்கிறது காஸ்

இதற்கு விவசாயி கையிலேயே ஒரு மருந்து இருக்கிறது. அதுதான் சாண எரிவாயு. பெரியவர்கள் 'கோபர் காஸ்' என்று சொல்வார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டிக்குள் விடுகிறோம். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுவில் 55 முதல் 60 சதவிகிதம் வரை மீத்தேன். அதுதான் எரிகிற பொருள். சாணம் சுமார் 40 நாள் உள்ளே இருந்து, சத்துக் கெடாமல் குழம்பாக வெளியே வருகிறது. வறட்டி தட்டி எரித்தால் சாணத்தில் உள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் விட்டால் அடுப்பும் எரியும், எருவும் மிஞ்சும். ஒரே சாணத்தில் இரண்டு வேலை.

கணக்கு என்ன? ஒரு மாடு நாளுக்கு ஏறக்குறைய 10 கிலோ சாணம் போடும். 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அது அரை லிட்டருக்குச் சற்று மேலான மண்ணெண்ணெய்க்குச் சமம். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு 2 கன மீட்டர் கலன் போதும். அதற்கு 50 கிலோ சாணம், அதாவது நாலைந்து மாடு வேண்டும். 50 லிட்டர் தண்ணீரும் வேண்டும். இந்தத் தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நம்மிடம் திரும்பி வரும்.

எச்சரிக்கையாக மூன்று விஷயம். கலனில் முதல் முதலாக வரும் வாயுவில் காற்றுக் கலந்திருக்கும். அதைப் பற்ற வைக்காமல் வெளியே விட்டுவிட வேண்டும். சோப்புத் தண்ணீர், பினாயில் கலந்த கழுவு நீர் எதையும் கலனுக்குள் விடக் கூடாது. நுண்ணுயிர் செத்துப் போகும். எல்லாவற்றையும் விட முக்கியம், பழைய கலனைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே பிராணவாயு இருக்காது. இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். ஒரே குழியில் இரண்டு மூன்று உயிர் போகும்.

நான் கற்ற பாடம்

இப்படியெல்லாம் கணக்குச் சொல்லித்தான் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் ஐந்து கலன்கள் கட்ட வைத்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மானியம் வாங்கிக் கொடுத்தேன். திறப்பு விழா நடந்தது, போட்டோ எடுத்தோம். இரண்டு வருஷம் கழித்து அதே ஊருக்குப் போனேன். ஐந்தில் நாலு கலன் செத்துக் கிடந்தது. ஒன்றில் குப்பை கொட்டியிருந்தார்கள். ஒன்றின் மேல் பூசணிக் கொடி படர்ந்திருந்தது.

ஒரு வீட்டில் இரண்டு மாட்டை விற்றுவிட்டார்கள், சாணம் போதவில்லை. இன்னொரு வீட்டில் வால்வு கெட்டுப் போயிருந்தது. நூறு ரூபாய் சாமான்தான். ஆனால் அதை மாட்டத் தெரிந்த பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், என்னையக் கேட்டா கட்டுனீங்க? என் மவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டீங்க. தினம் அஞ்சு குடம் தண்ணிய தெருக்குழாயிலேருந்து யாரு சுமக்கிறது? புகையைப் போக்குறேன்னு வந்து இடுப்ப ஒடிச்சுட்டீங்களே!"

எனக்குப் பதில் வரவில்லை. 50 லிட்டர் தண்ணீர் என்று நான் தாளில் எழுதியது, அந்தப் பாட்டி கணக்கில் அஞ்சு குடம். அது யார் இடுப்பில் ஏறும் என்று நான் கேட்கவே இல்லை. கலனில் கோளாறு எதுவும் இல்லை. ஊரைக் கேட்காமல், அடுப்படியில் நிற்கிறவரைக் கேட்காமல் கட்டியதுதான் கோளாறு.

பிறகுதான், இந்த வேலையை ஊராகச் சேர்ந்து செய்து ஜெயித்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதில் மூன்று ஊர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன்.

பூரா: முதலில் தண்ணீர்

கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்தில், குனிகல் பக்கம் பூரா என்று ஒரு சின்ன கிராமம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டி 1974-ல் கிராமத்துக்கு உதவும் விஞ்ஞானத்துக்கென்று 'அஸ்த்ரா' என்ற பிரிவைத் தொடங்கினார். அந்தக் குழுவினர் பூராவில் ஊர் மாடுகளின் சாணத்தையெல்லாம் சேர்த்து, ஒரே பொதுக் கலன் கட்டி, வீடு வீடாகச் சமையல் வாயு கொடுக்கலாம் என்று திட்டமிட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் செய்தும் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஊரில் கிடைத்த சாணத்துக்கு எல்லா வீட்டுச் சமையலுக்கும் வாயு போதவில்லை. அரைச் சாப்பாடு கலனில், மீதி விறகில் என்றால் எந்தத் தாய்க்குப் பிடிக்கும்?

பெரிய விஞ்ஞானிகள் அவர்கள். ஆனாலும் ஊராரைப் பழி சொல்லாமல், "உங்களுக்கு முதலில் என்ன வேண்டும்?" என்று திரும்பப் போய்க் கேட்டார்கள். நல்ல குடிதண்ணீர் வேண்டும், வீட்டுக்கு வெளிச்சம் வேண்டும் என்று பதில் வந்தது. அதே சாண வாயுவை எஞ்சினுக்குக் கொடுத்து மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரத்தில் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றித் தெருக்குழாயில் விட்டார்கள். மிச்சத்தில் வீடுகளுக்கு டியூப்லைட் எரிந்தது. 1987-ல் இந்த ஏற்பாடு ஓட ஆரம்பித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது எஞ்சினை மட்டுமல்ல, ஏற்பாட்டையும்தான். ஊரில் ஒரு வளர்ச்சிச் சபை அமைத்தார்கள். சாணம் கொண்டுவந்து கொட்டுகிறவருக்கு, பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான், கிலோவுக்கு 2 பைசா கூலி. கலனிலிருந்து வெளிவந்த எருக் குழம்பு, சாணம் கொடுத்த வீட்டுக்கே திரும்பிப் போனது. ஆகவே 'என் சாணத்தை ஊருக்குக் கொடுத்தேன், என் வயலுக்கு எரு போச்சே' என்ற பேச்சு எழவில்லை. விளக்குக்கு மாசாமாசம் கட்டணம். எஞ்சினை ஓட்டிப் பராமரித்தவர்கள் அதே ஊர் இளைஞர்கள். இப்படிப் பல ஆண்டுகள் அது ஓடியது.

ஓடந்துறை: வாய்க்காலில் விட்ட மின்சாரம்

அடுத்தது நம் கோயம்புத்தூர் மாவட்டம். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் ஆர்.சண்முகம். அந்த ஊருக்கு நல்ல குடிதண்ணீர்த் திட்டம் வந்தது. தண்ணீர் வந்த கையோடு கரண்டு பில்லும் ஏறியது. ஊராட்சி நடத்துகிறவர்களுக்குத் தெரியும், வருமானத்தைத் தின்பது மோட்டார் பில்லும் தெருவிளக்குப் பில்லும்தான்.

பில்லைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்காராமல் அவர்கள் வழி தேடினார்கள். முதலில் மரத்துண்டுக் கழிவை எரிவாயுவாக மாற்றி மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் கருவி ஒன்றை வைத்தார்கள். பிறகு 2006-ல் ஊராட்சியே சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட் திறன். விலை சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சி சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தது 40 லட்சம். மீதி 1 கோடியே 15 லட்சம் பாங்குக் கடன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கேதான் பலமாக வீசுகிறது. "அங்கே சுற்றும் காற்றாடிக்கு இங்கே எப்படி விளக்கு எரியும்?" என்று கேட்பீர்கள். வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமடையில் ஒருவர் தண்ணீர் விடுகிறார், கடைமடையில் அவர் வயலுக்கு அதே அளவு தண்ணீரை மடை திறந்து எடுத்துக்கொள்கிறார். அதே துளிதானா என்று யாரும் பார்ப்பதில்லை, அளவுதான் கணக்கு. மின்வாரியத்தின் கம்பிதான் இங்கே வாய்க்கால். மைவாடியில் விட்ட யூனிட்டை ஓடந்துறைக் கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள்.

ஆண்டுக்குச் சுமார் ஆறே முக்கால் லட்சம் யூனிட் கிடைக்கும் என்பது கணக்கு. ஊராட்சியின் தேவை சுமார் நாலரை லட்சம். மிஞ்சியதை மின்வாரியத்துக்கே விற்றார்கள். அந்தப் பணத்திலிருந்து கடன் கட்டினார்கள். கரண்டு பில் கட்ட முடியாமல் தவித்த ஊராட்சி, கரண்டு விற்கிற ஊராட்சியாக மாறியது.

காற்றாலை வாங்கியது பெரிய சங்கதியாகப் பேசப்பட்டது. என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அந்த 40 லட்சம் சேமிப்புதான். வரி ஒழுங்காக வசூலாகி, வந்த காசு வீணாகாமல், கணக்கு சுத்தமாக இருந்ததால்தான் பாங்கு நம்பிக் கடன் கொடுத்தது.

துண்டி: வெயிலும் ஒரு வெள்ளாமை

மூன்றாவது ஊர் குஜராத்தில், கேடா மாவட்டத்தில் துண்டி. பால் கூட்டுறவுக்குப் பேர்போன சீமை அது. துண்டியில் டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆறு விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் துணை நின்றது. ஆறு பேரும் சூரிய சக்தி பம்பு வைத்துக்கொண்டார்கள். மொத்தம் 56 கிலோவாட் சொச்சம்.

சூரிய பம்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, கேளுங்கள். டீசல் என்றால் ஒவ்வொரு லிட்டருக்கும் கை பைக்குள் போகும், ஆகவே அளந்து இறைப்போம். வெயில் இலவசம். பம்பு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கிணறு என்னாவது? நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போகும். நம் ஊரில் 1990 முதல் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அதனால் நமக்கு எவ்வளவோ நன்மை. ஆனால் போர் எத்தனை அடிக்கு இறங்கிவிட்டது என்று உங்கள் மனசுக்கே தெரியும்.

துண்டிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தங்கள் பம்புகளை மின்கம்பியோடு இணைத்து, இறைத்தது போக மிச்சமுள்ள மின்சாரத்தை 2016 முதல் சங்கத்தின் பேரில் மின் கம்பெனிக்கு விற்றார்கள். 25 வருஷ ஒப்பந்தம், யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 பைசா. பசுமை மின்சாரத்துக்காக ஒன்றேகால் ரூபாயும், நிலத்தடி நீரை மிச்சப்படுத்துவதற்காக ஒன்றேகால் ரூபாயும் ஊக்கத்தொகையாக அந்த நீர் மேலாண்மைத் திட்டத்திலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது விவசாயி என்ன நினைப்பார்? வீணாக ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டினால் அவ்வளவு காசு போச்சே என்று நினைப்பார். வெயில் அவருக்கு ஒரு வெள்ளாமை ஆகிவிட்டது. பூச்சி விழாத, மழை பொய்த்தாலும் பொய்க்காத வெள்ளாமை.

சும்மா கிடைக்கவில்லை இது. மானிய விலை மின் இணைப்புக் கேட்கும் உரிமையை அந்த ஆறு பேரும் 25 வருஷத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒருவருக்கொருவர் நம்பிக்கை இல்லாவிட்டால் அப்படி ஒரு கையெழுத்துப் போட முடியுமா? பின்னால் 2018-ல் குஜராத் அரசு விவசாயிகள் மிச்ச மின்சாரத்தை விற்பதற்கென்றே பெரிய திட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசு 2019-ல் சூரிய பம்புகளுக்காகக் குசும் திட்டத்தைத் தொடங்கியது.

நம் ஊரில் எப்படித் தொடங்குவது?

மூன்று ஊர், மூன்று வகை. ஒன்றில் சாணம், ஒன்றில் காற்று, ஒன்றில் வெயில். ஆனால் உள்ளே ஓடுகிற சரடு ஒன்றுதான். அதைப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, கேளுங்கள். எந்தக் கருவி வாங்கலாம் என்று தொடங்காதீர்கள். எது கஷ்டம் என்று தொடங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போங்கள். எத்தனை வீட்டில் விறகு எரிகிறது, எத்தனை வீட்டில் இருமல், எத்தனை மாடு, தண்ணீர் எவ்வளவு தூரம், ஊராட்சிக்கு மாசம் எவ்வளவு கரண்டு பில் என்று எழுதுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டு எழுதினால் நான் எழுதிய தாள் மாதிரிதான் ஆகும்.

இரண்டாவது, பெண்கள் குழுவில் பேருக்கு ஒருவர் என்று இருந்தால் போதாது. அடுப்பு, தண்ணீர், சாணம் மூன்றும் அவர்கள் கையில் இருக்கும்போது தீர்மானமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத ஊர் நம்மிடம் கிடையாது. சீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாமல் நடத்துகிறவர்கள் எரிவாயுக் கணக்கையும் நடத்துவார்கள்.

மூன்றாவது, கணக்கு வெட்ட வெளிச்சமாக இருக்க வேண்டும். மாசம் ஒரு தடவை வரவு செலவை ஊராட்சி மன்றச் சுவரில் எழுதிப் போடுங்கள். பொதுக் காரியம் கெடுவது பெரும்பாலும் பணம் குறைந்ததால் அல்ல, சந்தேகம் வளர்ந்ததால்தான்.

நாலாவது, சின்னதாக ஆனாலும் ஒரு கட்டணம் வேண்டும். இலவசமாக வந்ததற்கு வால்வு மாற்ற யாரும் முன்வருவதில்லை. வீட்டுக்கு மாசம் பத்து இருபது என்று ரிப்பேர் நிதி சேர்த்து வையுங்கள். சிறு துளி பெருவெள்ளம்.

ஐந்தாவது, உள்ளூரில் இரண்டு பேருக்குத் தொழில் கற்றுக்கொடுங்கள். ஒருவர் வெளியூர் போனாலும் இன்னொருவர் இருப்பார். கல்யாணமாகி அதே ஊரில் தங்கிவிட்ட பெண் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது.

ஆறாவது, கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற கூட்டமாக அதை விட்டுவிடாதீர்கள். அங்கே எழுத்தில் ஏறிய தீர்மானம் இருந்தால், மானியத்துக்கும் கடனுக்கும் நீங்கள் எந்த அலுவலகப் படியும் தைரியமாக ஏறலாம்.

"இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகுமா சார்? வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் பேசிக்கிறதே இல்லையே" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அவரிடம் சொன்னேன்: "அய்யா, புகை தெருப் பார்த்தா போகுது? நிலத்தடித் தண்ணிக்கு வடக்கு எது, தெற்கு எதுன்னு தெரியுமா? ஒரே ஊத்துலதான் ரெண்டு தெரு போரும் நிக்குது." பெரியவர் யோசித்தார். யோசித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒன்றும் உடனே முடியாதென்றால், இன்றைக்கே செய்யக் கூடியதைச் செய்யுங்கள். விறகை வெயிலில் நன்றாகக் காயவைத்து எரியுங்கள். அடுப்புக்குப் புகைபோக்கி வையுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் புகை போக இடைவெளி விடுங்கள். கைக்குழந்தையை அடுப்படியில் படுக்கவைக்காதீர்கள். இவை காஸுக்கு ஈடாகாது. ஆனாலும் குடிக்கிற புகை கொஞ்சமாவது குறையும்.

அந்தப் பாட்டி ஊர் என்னாயிற்று என்று கேட்பீர்கள். பாட்டி போட்ட சத்தம் வீண் போகவில்லை. மகளிர் குழுவினர் கிராம சபையில் பேசி, அந்தத் தெருவுக்கு வீட்டுக் குழாய் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு, செத்துக் கிடந்த நாலு கலனில் இரண்டு மறுபடி எரிய ஆரம்பித்தது. அந்த வால்வை இப்போது மாட்டுகிறவர் ஊர் மருமகள் ஒருவர். பூசணிக் கொடி படர்ந்த கலன் அப்படியேதான் இருக்கிறது. அந்த வீட்டில் மாடே இல்லை. அங்கே சாணக் கலன் கட்டச் சொன்னது என் தப்பு.

எங்கள் அம்மா இப்போது மருந்தை உறிஞ்சிக்கொண்டுதான் மாடிப்படி ஏறுகிறார். கெட்ட நுரையீரல் திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் காஸ் அடுப்புதான் எரிகிறது. என் மகள் அடுப்படியில் உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறாள். கண்ணைக் கசக்காமல் படிக்கிறாள்.

உழவர் பெருமக்களே, அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் வீட்டுத் தாயாரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தில் அவர்கள் கையும் இருந்தால்தான் தேர் நிலைக்கு வந்து சேரும்.